மஞ்சப்பையில் வந்த ஐந்து பிக்கப்புகள்

ஏப்ரல் மாதம். தாம்பரத்தில் மதியம் இரண்டு மணி வெயில். பின்வீட்டுத் தம்பி ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தான். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன். கிட்டாரின் உடலைப் பெயின்ட் அடிக்கக் கொடுத்திருந்தான். அடித்தவர்கள் பளபளவென்று அடித்திருந்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உள்ளே இருந்ததையெல்லாம் சால்டரை உருக்கிக் கழற்றாமல் கட்டிங் பிளேயரால் நறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எந்த வயர் எங்கே போனது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை, ஒரு போட்டோவும் இல்லை.

"அண்ணா, மூணு பிக்கப்தான் இதுல இருந்துச்சு. பையில அஞ்சு இருக்கு" என்றான்.

பிக்கப் என்பது காந்தமும் கம்பிச் சுருளும் (காயில்) சேர்ந்த துண்டு, தந்தியின் அதிர்வை மின்சார சிக்னலாக்கி ஆம்புக்கு அனுப்புவது. மீதி இரண்டில் ஒன்று இதே கிட்டாரில் முன்பு இருந்ததாம். அதைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். இன்னொன்று யாருடையது என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு ஹம்பக்கர் (இரண்டு காயில் சேர்ந்து, ஹம் என்கிற மின்சார இரைச்சலை அடக்குவது), நான்கு சிங்கிள் காயில். கிட்டாரில் பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தங்கும் இடம்) பக்கம் ஹம்பக்கர், நடுவிலும் கழுத்துப் பக்கமும் சிங்கிள். ஆக நான்கு சிங்கிள்களில் சரியான இரண்டைப் பொறுக்கி, எது நடு, எது கழுத்து என்று பிரித்து, ஹம்பக்கரின் நான்கு வயர்களுக்கும் அர்த்தம் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் சால்டரிங் அயர்னைத் தொடலாம்.

முதலில் மாஸ்கிங் டேப்பில் எழுத்து போட்டு ஒட்டினேன். சிங்கிள்கள் அ, ஆ, இ, ஈ. இதைச் செய்யாமல் அளக்க ஆரம்பித்தால் பத்தாவது நிமிடம் எந்த அளவு எதற்கு என்று மறந்துவிடும். எனக்கு மறந்திருக்கிறது.

கண்ணால் பார்த்தே பாதி தெரிந்துவிட்டது. அ, ஆ, இ மூன்றும் ஒரே குடும்பம்: கறுப்பு ஃபைபர் தகட்டில் செருகிய ஆறு உருளைக் காந்தங்கள், உயரம் முன்பின்னாக, துணி உறை போட்ட வெள்ளை வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. இந்த உருளைகளே ஆல்னிக்கோ காந்தம். ஈ வேறு சாதி. பிளாஸ்டிக் பாபின், அடியில் செங்கல் போல ஒட்டிய சாம்பல் நிற செராமிக் பட்டை, மேலே ஒரே மட்டத்தில் ஆறு இரும்புக் கம்பங்கள். இதில் கம்பங்கள் காந்தமே இல்லை. அடியில் இருக்கும் பட்டையின் காந்தத்தை மேலே ஏற்றிவிடுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் இந்த அமைப்புதான்.

ஸ்கேல் வைத்து முதல் கம்பத்தின் நடுவிலிருந்து ஆறாவது கம்பத்தின் நடுவரை அளந்தேன். அ, ஆ இரண்டும் 50 மில்லிமீட்டர். இ மட்டும் 52. பிரிட்ஜ் அருகே தந்திகள் சற்று விரிந்து போவதால், சில செட்டுகளில் பிரிட்ஜ் பிக்கப்பை மட்டும் அகலமாகச் செய்வார்கள். அப்படியானால் இ என்பது பழைய பிரிட்ஜ் பிக்கப். கழற்றி எறிந்தது இதைத்தான். இது வரை மீட்டரே தேவைப்படவில்லை.

அப்புறம் மல்டிமீட்டர். 20 கிலோ ஓம் வீச்சில் வைத்து வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே அளந்தால் காயிலின் டிசி ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) கிலோ ஓமில் வரும். அ: 6.1. ஆ: 6.3. ஈ: 6.2. இ-க்கு இந்த வீச்சில் ஒன்றும் வரவில்லை. என்னிடம் இருக்கும் இன்னொரு மீட்டர் வீச்சைத் தானே மாற்றிக்கொள்ளும் ரகம். அதில் வைத்தேன். 0.8 மெகா ஓம் என்று காட்டி ஆடிக்கொண்டே இருந்தது. 0.74, 0.9, 0.82. ஆஹா, உள்ளே எங்கோ அரித்துப்போய் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டி, கால் மணி நேரம் பிக்கப்பைத் திருப்பித் திருப்பி அழுத்திப் பார்த்தேன். பிறகுதான் கவனித்தேன்: இரண்டு புரோபின் உலோக முனைகளையும் வயரோடு சேர்த்து இரண்டு கை விரல்களாலும் பிடித்திருந்தேன். அளந்தது என் உடம்பை. வேர்த்த கை வேறு. குரோக்கடைல் கிளிப் மாட்டிக் கையை எடுத்ததும் ஓ.எல். என்று வந்தது, அதாவது மீட்டரின் அளவுக்குள் அடங்கவில்லை. காயில் எங்கோ அறுந்திருக்கிறது.

இந்த எண்களை எப்படி வாசிப்பது என்பதில் ஒரு விஷயம். பிக்கப் செய்பவர்கள் தரும் அளவு அறை வெப்பநிலைக்கு, அதாவது 20 டிகிரியை ஒட்டியது. நம் ஊரில் ஏப்ரல் மதியத்தில் அது யாருடைய அறை? என் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் தெர்மாமீட்டர் 34 காட்டியது. செம்பின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 14 டிகிரிக்கு ஐந்தரை சதவீதம். ஆக என் 6.1 என்பது குளிர்ந்த நாட்டுக் கணக்கில் 5.8. வெயில் நாளில் அளந்துவிட்டு "இது கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிய பிக்கப்" என்று சந்தோஷப்பட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். கிட்டாருக்குள் இருக்கும்போதே ஜாக்கில் அளப்பதிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. வால்யூம் பாட் (வால்யூம் குமிழின் அடியில் இருக்கும் மாறும் மின்தடை) பக்கவாட்டில் சேர்ந்துகொண்டு எண்ணைக் குறைத்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அ-வும் ஈ-யும். ஒன்று 6.1, ஒன்று 6.2. மீட்டரை மட்டும் நம்பினால் இரண்டும் அண்ணன் தம்பி. நண்பரிடம் எல்சிஆர் மீட்டர் ஒன்று இரவல் வாங்கி இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு) அளந்தேன். அ, ஆ இரண்டும் 2.3 ஹென்றி. ஈ 3.4. இரும்புக் கம்பம் காந்தப் பாய்வை ஆல்னிக்கோவைவிட எளிதாகக் கடத்தும், அதனால் ஏறக்குறைய அதே கம்பி நீளத்துக்கு இண்டக்டன்ஸ் கூடிவிடுகிறது. ட்ரெபிள் (கீச்சென்ற உயர்ந்த ஒலி) எந்த இடத்தில் குறைய ஆரம்பிக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் பெரிய பங்கு. ரெசிஸ்டன்ஸ் சொல்வது செம்புக் கம்பியின் நீளத்தையும் தடிமனையும் மட்டும். உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தாலும் ரெசிஸ்டன்ஸ் பெரிதாக மாறாது, இண்டக்டன்ஸ்தான் தன் ஜோடியைவிடத் தடாலென்று குறைந்து காட்டிக்கொடுக்கும். எல்சிஆர் மீட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்காது. இரவல் கிடைத்தால் விடாதீர்கள்.

ஈ-யை மஞ்சப்பைக்கே திருப்பி அனுப்பினேன்.

சரி, இ. செத்தது என்று தெரிந்த பிறகும் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சிங்கிள் காயிலில் 42 கேஜ் செம்புக் கம்பி இருக்கும். 0.063 மில்லிமீட்டர், தலைமுடி மாதிரி. ஏறக்குறைய 8000 சுற்று, பிரித்து நீட்டினால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். ஒரு கிலோமீட்டரில் எங்கே அறுந்தது என்று யார் தேடுவது? ஆனால் பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. கடைசிச் சுற்று வெளியே வந்து ஐலெட்டில் (சின்ன உலோக வளையம்) சால்டர் ஆகும் இடத்தில்தான் அறுகிறது. கை படுவது அங்கே, ஃப்ளக்ஸ் மிச்சம் இருப்பது அங்கே, உப்புக் காற்று பிடிப்பதும் அங்கேதான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஐலெட்டைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. செம்பில் களிம்பு. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை, இங்கே ஒரு பிக்கப்பின் உயிரை வாங்கியிருக்கிறது.

ஊசி முனையால் வெளிச் சுற்றின் நுனியைத் தேடி எடுத்தேன். ஒரே ஒரு சுற்று பிரித்தால் போதும், சுத்தமான கம்பி கிடைத்தது. ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன், காற்றடித்தால் இந்தக் கம்பி கண்ணிலிருந்து மறைந்துவிடும். நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு 600 நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டு தடவை மெதுவாக இழுத்து எனாமலை எடுத்தேன். முதல் தடவை அழுத்தி இழுத்ததில் கம்பி கையோடு வந்துவிட்டது. இன்னொரு அரைச் சுற்று பிரித்தேன். ஐலெட்டில் பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புது ஈயம் வைத்து, கம்பியை இரண்டு சுற்று சுற்றி, அயர்னை ஒரு விநாடி மட்டும் காட்டினேன். 6.7 கிலோ ஓம். இண்டக்டன்ஸ் 2.6. செட்டிலேயே சற்றுக் கூடுதலாகச் சுற்றியது இதுதான், பிரிட்ஜுக்கு அப்படித்தான் சுற்றுவார்கள். மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு சொட்டு விட்டுக் கம்பியை அசையாமல் பிடிக்க வைத்தேன்.

அடுத்தது காந்தத்தின் திசை. 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டாரில் மூன்று பிக்கப்பும் ஒரே மாதிரி. பக்கத்துப் பக்கத்து பிக்கப்புகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் நிலைகளும் உள்ள ஐந்து நிலை ஸ்விட்ச் 1977-ல்தான் வந்தது. இன்றைக்கு வரும் செட்டுகள் பலவற்றில் நடு பிக்கப்பின் காந்தம் தலைகீழ், சுற்றும் தலைகீழ். இரண்டும் தலைகீழானால் தந்தியின் ஒலி மற்றவற்றோடு கூடும். காந்தத்துக்கு வேலையே இல்லாத ஹம் மட்டும் எதிராக வந்து அடிபட்டுப்போகும். ஆக நடு பிக்கப்பைக் கண்டுபிடிக்கக் காந்தமுனையைப் பார்த்தால் போதும்.

சிறுவர் கடையில் வாங்கிய காம்பஸ் ஒன்று வைத்திருந்தேன். அ-வின் முகத்தருகே கொண்டுபோனேன், ஆ, இ-க்கும் அப்படியே. குறித்துக்கொண்டேன். சந்தேகத்துக்கு மறுபடி பார்த்தால் எல்லாமே முன்பு குறித்ததற்கு நேர்மாறு. காம்பஸை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய்ப் பார்த்தேன். கிண்டி இருக்கும் பக்கம் தெற்கு என்றது. ஆல்னிக்கோவின் மேல் நேராக ஒட்ட வைத்ததில் ஊசியின் காந்தமே புரண்டுவிட்டது. அதை வைத்து இதே பிக்கப் முனையில் மறுபடி தேய்த்து நேராக்கினேன். இந்த முறை ஒரு சாண் தள்ளி வைத்து மெதுவாக நெருங்கினேன், ஊசி திரும்ப ஆரம்பித்ததும் நிறுத்தினேன். அ-வும் இ-யும் காம்பஸின் வடமுனையை இழுத்தன, அதாவது முகத்தில் தென்முனை. ஆ அதைத் தள்ளியது. ஆ-தான் நடு.

காம்பஸ் இல்லாமலும் செய்யலாம். இரண்டு பிக்கப்புகளை முகத்தோடு முகம் நெருக்கினால் அ-வும் ஆ-வும் இழுத்துக்கொள்ளும், அ-வும் இ-யும் தள்ளிக்கொள்ளும். நான் இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இப்போது ஸ்க்ரூடிரைவர் சோதனை: எது சூடான வயர் (சிக்னல் போவது), எது தரை என்று இது சொல்லும். இதற்கு டிஜிட்டலைவிட ஊசி மீட்டர்தான் நல்லது. டிஜிட்டல் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் பார்க்கும், நடுவே நடந்தது அதற்குத் தெரியாது. ஊசி மீட்டரை மிகக் குறைந்த டிசி வீச்சில் வைத்து, சிவப்பு புரோபை வெள்ளை வயரிலும் கறுப்பைக் கறுப்பிலும் மாட்டி, ஒரு தடித்த ஸ்க்ரூடிரைவரைக் கம்பங்களின் மேல் படுக்க வைத்துச் சடாரென்று மேலே எடுக்க வேண்டும். எடுக்கும் கணத்தில் ஊசி ஒரு பக்கம் துள்ளும். வைக்கும்போது எதிர்ப்பக்கம் துள்ளும், அதனால் எப்போதும் எடுக்கும்போது மட்டுமே பாருங்கள். அ, ஆ, இ மூன்றிலும் ஊசி வலப்பக்கம் துள்ளியது. வெள்ளைதான் மூன்றிலும் சூடான வயர், மூன்றின் சிக்னலும் ஒரே திசையில் (ஒரே ஃபேஸில்) இருக்கின்றன.

ஹம்பக்கர்தான் என்னை ஒரு மாலை முழுக்க உட்கார வைத்தது. அடியில் ஸ்டிக்கர் கிழிந்த தடம் மட்டும். பெயர் இல்லை. சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை, கூடவே உறை இல்லாத ஒரு வயர். இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து ஹம்மை அடக்கும் இந்த அமைப்புக்கு கிப்சன் கிட்டார் கம்பெனியில் வேலை பார்த்த செத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அன்றைய பிக்கப்பில் வெளியே வருவது பின்னல் உறைக்குள் ஒரே ஒரு வயர். இன்றைக்கு நான்கு வருகிறது, ஆனால் நிறங்களுக்கு ஊர் பொதுவான விதி கிடையாது. பிக்கப் செய்யும் கம்பெனிகளில், செய்மூர் டங்கனில் கறுப்பும் வெள்ளையும் ஒரு காயில், சிவப்பும் பச்சையும் இன்னொன்று. டிமார்சியோவில் சிவப்பும் கறுப்பும் ஒன்று, பச்சையும் வெள்ளையும் இன்னொன்று.

ஜோடி கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு மற்ற மூன்றிலும் தொட்டுப் பார்த்தால் ஒன்றில்தான் எண் வரும். கறுப்பு–வெள்ளை 4.25. சிவப்பு–பச்சை 4.15. உறை இல்லாத வயர் எதனோடும் பேசவில்லை, அடித்தகட்டோடு மட்டும் பேசியது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஜோடி செய்மூர் டங்கன் முறைதான். அந்தக் கம்பெனியின் வயரிங் படத்தின்படி வெள்ளையையும் சிவப்பையும் முறுக்கி இணைத்து, கறுப்பு சூடு, பச்சை தரை. இணைத்து அளந்தேன்: 8.4 கிலோ ஓம். வெயிலைக் கழித்தால் 8. அழகான எண். பலர் இங்கேயே நிறுத்திவிட்டு சால்டரிங்குக்குப் போய்விடுவார்கள். நானும் போயிருப்பேன், ஊசி மீட்டர் மேசையிலேயே இருந்ததால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

இணைப்பைப் பிரித்து ஒவ்வொரு காயிலையும் தனியாகச் சோதித்தேன். திருகுகள் உள்ள வரிசை: சிவப்பு புரோப் கறுப்பு வயரில், ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் ஊசி வலப்பக்கம். ஆக கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். மற்ற வரிசையில் சிவப்பு வயர் பிளஸ் ஆக வந்திருக்க வேண்டும். பச்சைதான் பிளஸ் வந்தது. மூன்று தடவை செய்தேன். மூன்றிலும் பச்சை. செய்தவர்கள் டங்கன் நிறங்களை எடுத்துக்கொண்டு ஒரு காயிலை மட்டும் தங்கள் இஷ்டத்துக்கு முடித்திருக்கிறார்கள்.

படத்தின்படி இணைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தந்தியின் ஒலி இரண்டு காயிலிலும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று தின்னும். ஹம் இரண்டும் கூடிவிடும். ஹம்பக்கர் என்று பெயர் வைத்துக்கொண்டு ஹம்மை இரட்டிப்பாக்கித் தந்தியை மெலிய வைக்கும் ஒரு சாமான். மீட்டர் அப்போதும் அதே 8.4-ஐத்தான் காட்டும். ரெசிஸ்டன்ஸுக்குத் திசை தெரியாது.

சரியான இணைப்பு: வெள்ளையும் பச்சையும் சேர்த்து முறுக்கி டேப், கறுப்பு சூடு, சிவப்பும் உறையற்ற வயரும் தரை. இதில் கறுப்பு பிளஸ் என்பது சிங்கிள்களின் வெள்ளையோடு ஒத்துப்போகிறது, ஆகவே நடு பிக்கப்போடு சேர்ந்து வாசித்தாலும் ஒலி மெலியாது.

காதால் கேட்காமல் திருப்தி வருமா? பழைய கேபிள் ஒன்றின் ஜாக்கில் இரண்டு குரோக்கடைல் கிளிப்புகளை சால்டர் செய்து வைத்திருக்கிறேன். பிக்கப்பை அதில் மாட்டி, ஆம்பைச் சின்ன சத்தத்தில் வைத்து, என் அகவுஸ்டிக் கிட்டாரின் தந்திகளுக்கு மேல் முகம் குப்புற ஒரு விரல்கடை உயரத்தில் பிடித்துக்கொண்டு மீட்டினால் போதும், தந்தி இரும்பாக இருக்க வேண்டும் அவ்வளவுதான். கழுத்தருகே பிடித்தால் கழுத்துச் சத்தம், பிரிட்ஜ் அருகே போனால் பிரிட்ஜ் சத்தம், ஒரு ஸ்க்ரூவும் போடாமல். பிக்கப்பின் முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், காந்தம் தந்தியைக் கவ்வி இழுத்தால் கை நடுங்கிவிடும். அ-வைத் தனியாக மொபைல் சார்ஜர் பக்கம் கொண்டுபோனபோது ஹம் மாட்டுக் கொட்டகை ஈ மாதிரி ரீங்கரித்தது. ஆ-வையும் பக்கத்தில் வைத்துப் பேரலலாக மாட்டியதும் பாதிக்கு மேல் அடங்கியது. ஹம்பக்கரை முதலில் தப்பான இணைப்பில் வேண்டுமென்றே மாட்டிக் கேட்டேன், பிறகு சரியானதில். தம்பியையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். முதலாவதைக் கேட்டு முகத்தைச் சுளித்தான்.

மாட்டும் வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை, ஒன்றரை மணி நேரம். தந்தி போடும் முன் ஜாக்கில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுதும் திறந்து, ஸ்விட்ச்சின் ஐந்து நிலையிலும் அளந்தேன். வால்யூம் பாட் 500 கிலோ. பிரிட்ஜ் தனியாக 8.26, பிரிட்ஜும் நடுவும் 3.57, நடு 6.22, நடுவும் கழுத்தும் 3.08, கழுத்து 6.03. காகிதத்தில் முன்பே கணக்குப் போட்டு வைத்த எண்களோடு நூலிழை வித்தியாசம்தான். பிறகு பிக்கார்டை (பிக்கப்புகள் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகடு) மூடினேன்.

எடுத்துப்போக வந்தபோது மேசையில் இ கிடந்ததைப் பார்த்தான். மாஸ்கிங் டேப்பில் "பிரிட்ஜ், 6.7, வெள்ளை சூடு" என்று எழுதியிருந்தேன்.

"இது உயிரோட இருக்கா அண்ணா?"

"இருக்கு. ஒரு சுற்று அறுந்திருந்துச்சு."

கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முன் பிரிட்ஜ் சத்தம் திடீரென்று கொசு பாடுவது மாதிரி ஆகிவிட்டதாம். ஒரு கடையில் காட்டியபோது, சிங்கிள் காயில் என்றால் அப்படித்தான் வீக்காக இருக்கும், ஹம்பக்கர் போட்டுக்கோ என்றார்களாம். பணம் கொடுத்துப் போட்டுக்கொண்டான். அறுந்த காயிலிலும் அறுந்த நுனிகளுக்கு இடையே ட்ரெபிள் மட்டும் தாவிக்கொண்டு கொஞ்சம் வரும், அதுதான் அந்தக் கொசு என்று சொன்னேன்.

"அப்போ ஹம்பக்கரே தேவையில்லையா?"

"இப்போ நல்லாத்தானே இருக்கு. வாசிச்சுப் பாரு. பிடிக்கலேன்னா ஞாயிறு மதியம் வா, பிக்கார்டை மாத்திட்டு இதைப் போட்டுடலாம்."

இ-யைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். மஞ்சப்பை இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது, உள்ளே ஈ.